ஒன்றும் போடாத பாத்தி

ஜோகூரில் ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக இருக்கும் நண்பர் போன வாரம் தபாலில் ஓர் அச்சுத் தாளை அனுப்பியிருந்தார். அவர்கள் எண்ணெய்ப் பனை நட்டிருக்கிறார்கள். அதற்கு உரப் பரீட்சை வைக்க மேலிடத்து உத்தரவாம். தாள் முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு உரத்துக்கும் நான்கு பாத்தி வேண்டும், சீட்டுக் குலுக்கிப் பாத்திகளைக் கலந்து வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் சுற்றிக் கணக்கில் சேராத காவல் வரிசை விட வேண்டும். “இவ்வளவு கூத்து எதற்கு? உரத்துக்கு ஒரு பாத்தி போதாதா? நீங்கள் இதில் ஊறியவர், எங்களைப் போன்றவர்களுக்கு விளக்கமாக எழுதினால் என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

ஊறியவன்தான். ஏழு வருஷம் ஊறினேன். எனக்கு ஓய்வு கொடுத்தபோது வயது இருபத்தெட்டு. ஓய்வு என்பது துரை காகிதத்தில் எழுதிய சொல். ஆட்குறைப்பு என்று எழுத அவருக்கு மனமில்லாமல் இருந்திருக்கலாம். இப்போது அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் இடத்தில், டப்பாவுக்கு லேபிள் நேராக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். கோணலாக இருந்தால் கிழித்துவிட்டு வேறு ஒட்டுவார்கள். அந்த வசதி உரப் பரீட்சையில் இல்லை. அதைத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

நான் படித்து வந்த கதையில் சுவை இல்லை, சுருக்கிவிடுகிறேன். தகப்பனார் குளுவாங்கில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். என்னை இங்கிலீஷ் பள்ளியில் ஜூனியர் பரீட்சை வரை படிக்க வைத்தார். ரயில்வேக்கே வந்துவிடுவேன் என்று அவர் நினைத்தார். நான் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு ஓடினேன். இரண்டு வருஷம் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் வாசித்தேன். ஒரு வருஷம் ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுத்தேன். உரக் கொட்டகையின் சாவி கைக்கு வந்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது. கண்ட இடத்துக்கெல்லாம் கடிதம் போட்டு விவசாயத் துண்டுப் பிரசுரங்களை வரவழைத்துப் படித்தேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு உலகத்தில் வளருகிற எதையும் விளக்கிவிடலாம் என்று எண்ணினேன். சாப்பாட்டு வேளையில்கூட யாராவது அகப்பட்டால் அமோனியாவைப் பற்றிப் பேசுவேன். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எனக்கு ‘உப்புக் கிராணி’ என்று பெயர் வைத்தார்கள். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் பெரிய துரை உயரமான மனிதர், மலைக்காய்ச்சல் தின்ற உடம்பு. அங்குலக் கோடு போட்ட ஒரு கைத்தடி வைத்திருப்பார். காலை வணக்கம் சொல்லிக்கொண்டே அதைச் செடியின் பக்கத்தில் ஊன்றி உயரம் பார்த்துவிடுவார். கூலியாட்களிடம் அவர் பேசும் தமிழ், ஏவல் மட்டுமே உள்ள தமிழ்: வா, போ, எடு, வெட்டு. என்னிடம் இங்கிலீஷில் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முக்கியமான விஷயம் எதுவானாலும், நோட்டுப் புத்தகத்தில் எழுதுமுன் ஒரே கேள்வியை ஒரே குரலில் மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் ஒரே பதில் வந்தால் எழுதுவார், புத்தகத்தை மூடுவார். பிறகு அந்த விஷயத்தை யாரும் திறக்க முடியாது. அந்த மூன்றாவது கேள்வியில் பல பேர் உளறியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. விஞ்ஞானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. அந்தக் காலத்தை இந்த நாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் பால் வெட்டும் நாள் குறைந்தது. மரங்களுக்கு ஓய்வு, அப்புறம் மனிதர்களுக்கு ஓய்வு. பத்துக் குடும்பம், பதினைந்து குடும்பம் என்று ரயிலேறி, ஊருக்குத் திரும்பும் கப்பலுக்குப் போனார்கள். அடுத்த முறை யார் பெயர் வரும் என்று ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில் நாற்பது குடும்பம் மிச்சம். அங்கே புதுக்காடு முப்பது ஏக்கர், இடுப்பளவு ரப்பர்க் கன்றுகள். வரிசைகளுக்கு நடுவே வெறும் தரை. துரைக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த இடைவெளியில் நிலக்கடலை போட்டால் என்ன? வானம் பார்த்த பயிர், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், ஜோகூரில் மழைக்கும் பஞ்சமில்லை. பருப்பைச் சிங்கப்பூரில் எண்ணெய் ஆட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். களை எடுக்க, மண் அணைக்க, பிடுங்க, காயவைக்க ஆள் வேண்டும். நாற்பது குடும்பத்துக்கும் வேலை.

“பரீட்சைக்குக் கம்பெனி ஒரே ஒரு போகம் கொடுத்திருக்கிறது” என்றார் துரை. “எந்த உரம் போட்டால் இந்த மண்ணில் கடலை விளையும் என்று நீ எனக்குக் காட்ட வேண்டும். கம்பெனிக் கூட்டத்துக்கு முன் நான் கடிதம் எழுத வேண்டும். சரியாக வந்தால் டிவிஷன் இருக்கும். வராவிட்டால் மூடிவிடுவார்கள்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது குடும்பம் என்றதுகூட மனத்தில் இரண்டாவதாகத்தான் விழுந்தது. பரீட்சை வைக்கப் போகிறேன் என்பதே முதலில்.

புதுக்காட்டின் ஓரத்தில், லயத்துக்குப் போகும் செம்மண் பாதையை ஒட்டி ஐந்து பாத்தி அளந்தேன். கயிறு பிடித்து, முளை அடித்து, ஒவ்வொன்றும் ஒரு சங்கிலி, அதாவது அறுபத்தாறு அடி, நீளம், பத்து வரிசை அகலம். முதல் பாத்திக்கு அமோனியா உப்பு. இரண்டாவதற்குப் பொட்டாஷ். மூன்றாவதற்குப் பாஸ்பேட் பாறைத்தூள். நான்காவதற்கு மூன்றும் கலந்து. ஐந்தாவதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு உரத்துக்கும் ஒரே ஒரு பாத்தி. நண்பர் கேட்கிற கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரு பாத்தி கெட்டால் அதைச் சரிபார்க்க என்னிடம் இன்னொரு பாத்தி இல்லை. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. ஐந்து பலகையில் பெயிண்டால் எண் எழுதி நட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பட்டது.

உரம் போடும் முறையைச் சொல்கிறேன். சாக்கைக் கொட்டி, கட்டியை மரக்கட்டையால் தட்டி உடைத்து, சல்லடையில் சலிக்க வேண்டும். மழைக்காற்றில் அமோனியா உப்பு ஈரம் குடித்துக் கல்லாகிவிடும். ஒரு வரிசைக்கு ஒரு சிகரெட் டின் அளவு. டின்னின் வாயை மூங்கில் பட்டையால் வழித்துவிட வேண்டும், குவியலாக அள்ளக் கூடாது. காற்று அடங்கிய நேரத்தில், விதைக் குழியிலிருந்து நாலு விரல் தள்ளி, முழங்கையை மடக்கித் தாழ்வாகத் தூவ வேண்டும். பெண்கள் எட்டுப் பேர் சாக்கை முந்தானைபோல் கட்டிக்கொண்டு இதைச் செய்தார்கள். அதில் பச்சையம்மா என்பவள் முன்னால் போவாள். தென்னாற்காட்டுக்காரி. அந்தச் சீமையில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். பிறந்ததிலிருந்து அதில் கிடந்தவள். அவள் கை வீச்சு எல்லாருக்கும் அளவு.

நான்கு பாத்தி முடிந்தது. அவள் கூடையோடு ஐந்தாவதன் முன் நின்றாள்.

“இதுக்கு எந்த டின்னுங்க?”

“அதுக்கு ஒண்ணும் கிடையாது. அப்படியே விட்டுட்டுக் கரையேறு.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. அது அப்படித்தான். ஒண்ணும் போடாத பாத்தி.”

“ஏன், அது இன்னா பாவம் பண்ணிச்சு?”

பின்னாலிருந்து ஒருத்தி, “மாமியா வூட்டுக்கு வந்த பாத்திடி அது!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. நான் உற்சாகமாக விளக்கினேன்.

“போட்டதும் போடாததும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?”

“நாலு எலைக்குச் சோறு போட்டுட்டு அஞ்சாவது எலைய வெறுமனே வெச்சுட்டு, வித்தியாசம் பாக்கணுமாக்கும்? பந்தி வஞ்சனைங்க இது. பாத்துக்கினு நிக்கறவங்களுக்கே ஆவாது.”

“அது செடி, பச்சையம்மா. மனுசன் இல்ல.”

“அதாங்க. மனுசனா இருந்தா எழுந்து போயிடுவான்.”

அன்று மாலை அதை ஒரு நல்ல வேடிக்கை என்று துரையிடம் சொன்னேன். அவரும் லேசாகச் சிரித்தார். அது ஒரு எச்சரிக்கை என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஆட்டுக்குத் தழை என்று யாரோ முதல் பாத்தியில் கை வைத்ததைத் துரை பார்த்துவிட்டார். மறுநாள் பெரட்டில் அவரே வந்து நின்றார். “பாத்தி தொடாதே” என்றார் தமிழில். “தொட்டா கப்பல்.” அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை.

பயிர் வளர்ந்தது. அமோனியாப் பாத்தியைப் பார்க்க வேண்டும்! கரும்பச்சை, முழங்கால் உயரம், தரை தெரியாத மூடல். துரை வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைக் காட்டினார். கைத்தடியின் கோடு வாராவாரம் ஏறியது. நான் நோட்டில் உயரத்தை எழுதி, கோடு வரைந்து, கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு வரைந்தேன். ஐந்தாம் பாத்தி குட்டையாக, வெளிர்பச்சையாக இருந்தது. நான் எதிர்பார்த்தபடியே இருந்ததால் அதன் பக்கத்தில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் பூ பூத்தது. பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போயிற்று. கடலையின் விசேஷம் அதுதான். பூப்பது வெளிச்சத்தில், காய்ப்பது மண்ணுக்குள்ளே. மேலே பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடுங்குகிற நாள் வந்தது. துரை முதல் டிவிஷனுக்குப் போயிருந்தார், மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் செடியை நானே பிடுங்கினேன். காய் கொத்துக் கொத்தாக வந்தது. கையில் எடுத்து ஒன்றை நசுக்கினேன். பொக்கு. அடுத்ததும் பொக்கு. பத்தில் எட்டு வெறும் ஓடு, உள்ளே காய்ந்த தோல்போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பொட்டாஷ் பாத்தி அதைவிட மோசம். கலப்பு உரம் அதேதான். பாறைத்தூள் பாத்தியில் பாதிக்குப் பாதி பரவாயில்லை. வீராசாமிக் கங்காணி கூடையைக் குலுக்கிவிட்டு, “கிராணியாரே, கடலை வூட்ல இல்லீங்க, கதவு மட்டுந்தான் இருக்கு” என்றார்.

ஐந்தாம் பாத்திக்கு வந்தோம். குட்டைச் செடி. பிடுங்கியபோது கை தாழ்ந்தது. காய் குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் கல். உடைத்தால் இரண்டு பருப்பு, ஓட்டை முட்டிக்கொண்டு. இன்னும் பத்துச் செடி, இருபது செடி பிடுங்கினேன். எல்லாம் அப்படியே. மண்டியிட்டு மண்ணைக் கிளறினேன். செம்மண்ணில் சாம்பல் நிறமும், அங்கங்கே அரிசி நொய்போல வெள்ளைப் புள்ளியும் இருந்தன. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு.

பச்சையம்மாவைக் கூப்பிட்டேன். கங்காணியும் கூட வந்தார்.

“என்ன போட்டே?”

“எதுல?”

“பச்சையம்மா, மண்ணுல தெரியுது.”

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “தெனம் துளி அடுப்புச் சாம்பலுங்க. வேலைக்கு வரப்ப மடியில கட்டியாந்து தூவிடுவேன். பூ எடுக்கறப்ப லயத்துக்கு வெள்ளை அடிச்சாங்கல்ல, பீப்பா அடியில தங்கிக் கெடந்தது ரெண்டு மண்ணெண்ணெ டின்னு. வீணாத்தான போவுதுன்னு கரைச்சு ஊத்தினேன். வேற ஒண்ணுமில்ல. உங்க உப்புல ஒரு கல்லு தொடல.”

“ஏன் போட்டே?”

“அன்னிக்கே சொன்னேனே.” பிறகு குவியலைப் பார்த்தாள். “நல்லாத்தான காய்ச்சிருக்கு? மூஞ்சிய ஏன் இப்படி வெச்சுக்கிறீங்க?”

கங்காணிக்குத்தான் முதலில் வேர்த்தது. “ஏம்மா, தொர பெரட்டுல சொன்னது உன் காதுல வுழலியா? ஏற்கெனவே உம் புருசன் காய்ச்சக்காரன்னு பேருக்குப் பக்கத்துல கோடு போட்டு வெச்சிருக்காங்க. நீ செய்யற வேலைலதான் ரெண்டு பேரும் லயத்துல இருக்கீங்க.” என் பக்கம் திரும்பினார். “கிராணியாரே, இது நம்ம மூணு பேரோட நிக்கட்டும்.”

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டாள். போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து காயை ஆய ஆரம்பித்தாள்.

துரை மாலையில் வந்தார். ஐந்து குவியலையும் பார்த்தார். ஒவ்வொரு குவியலிலிருந்தும் கைநிறைய எடுத்து நசுக்கினார். ஐந்தாவது குவியலுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இந்தப் பாத்திக்கு எதுவும் போடவில்லையா?”

“இல்லை, ஐயா.”

“இந்தப் பாத்திக்கு எதுவும் போடவில்லையா?”

“இல்லை.”

அந்த இரண்டுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஒரு மூச்சு. அதற்குள் எனக்கு எல்லாம் அழகாகத் தோன்றிவிட்டது. பச்சையம்மா தப்பிப்பாள். உரமே இல்லாமல் விளைகிறது என்றால் கம்பெனி மறுபேச்சில்லாமல் சம்மதிக்கும். நாற்பது குடும்பமும் தங்கும். யாருக்கு என்ன நஷ்டம்? அன்றிலிருந்து பல வருஷம் இதை இரக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி இரக்கம். மீதி வேறு. நாலு மாசம் என் கண்ணெதிரே, நான் பலகை நட்ட பாத்தியில், ஒரு பெண் தினமும் சாம்பல் தூவினாள், நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“இந்தப் பாத்திக்கு எதுவும் போடவில்லையா?”

“எதுவும் போடவில்லை, ஐயா.”

எழுதினார். மூடினார்.

சுண்ணாம்பின் வேலை எனக்குத் தெரியாதா என்று நண்பர் கேட்பார். அரைகுறையாகத் தெரியும். பயறு வகைக்குச் சுண்ணாம்பு நல்லது என்று எங்கோ ஒரு வரி படித்திருந்தேன். விழுது இறங்கும் மண்ணில் அது இல்லாவிட்டால் பருப்பு கட்டாது என்று பிற்பாடுதான் படித்தேன். ஆனால் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதில் என் காலடியில் குவிந்து கிடந்தது. கெட்டுப்போன பரீட்சை என்று நான் மறைத்த அந்த ஒன்றுதான் அந்தப் பரீட்சையில் கிடைத்த ஒரே உண்மை.

கம்பெனியின் பதில் சீக்கிரமே வந்தது. மிகவும் திருப்தி. முப்பது ஏக்கரிலும் உரமில்லாமல் விதைக்கலாம்.

உறுத்தல் தாங்காமல் ஒரு நாள் ஆபீசில் சொல்லிப் பார்த்தேன். “ஐயா, கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும் தூவிவிட்டு விதைத்தால் என்ன?”

“ஏன்?”

“பொதுவாக நல்லது என்று...”

துரை நோட்டைத் திறக்காமலேயே விரலால் தட்டினார். “ஒன்றும் போடாத பாத்திதான் நன்றாக விளைந்தது. நீ சொன்னாய். உன் கணக்குப்படி எதைப் போட்டாலும் காய் குறைகிறது. இப்போது எதையாவது போடு என்கிறாய். நான் எதை நம்புவது?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். “சரி ஐயா” என்று வந்தது.

மழை ஓய்ந்ததும் விதைத்தோம். முளைப்பு நன்றாக இருந்தது. பூ வரப்போகும் சமயம் பச்சையம்மாவிடம் போய், அந்தச் சாம்பல் கொஞ்சம் இங்கேயும் விழுந்தால் நல்லது என்றேன். ஏன் என்று கேட்டாள். சும்மா, என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லயம் லயமாகப் போய்ச் சொன்னாள். நாற்பது அடுப்பின் சாம்பல் காலையில் கூடைகளில் வந்தது. பெண்கள் வேலைக்கு வரும் வழியில் பாதையோரத்திலிருந்து தூவிக்கொண்டே போனார்கள். நாற்பது அடுப்பின் சாம்பல் முப்பது ஏக்கர் மண்ணில் எந்த மூலைக்கு? பூக்காலம் முழுதும் தூவியும் பாதையை ஒட்டி ஒரு சின்னப் பட்டைதான் தேறியது. “உப்புக் கிராணி இப்ப சாம்பல் ஆண்டியாயிட்டாரு” என்று யாரோ சொன்னார்கள். பச்சையம்மா அதட்டினாள்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு துரை நடுக்காட்டில் சில செடிகளைப் பிடுங்கச் சொன்னார். பொக்கு. மேட்டில் பிடுங்கினோம். பொக்கு. பள்ளத்தில் பிடுங்கினோம். பொக்கு. கங்காணி இந்த முறை வேடிக்கை பேசவில்லை. துரை கைத்தடியை ஊன்றிக்கொண்டு பாதைக்கு ஏறினார். ஓரப் பட்டையில் ஒரு செடியைத் தானே பிடுங்கினார். காயை நசுக்க முயன்றார், நசுங்கவில்லை.

“இது என்ன?”

நின்ற இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல், சுண்ணாம்பு, மடி, மண்ணெண்ணெய் டின், எல்லாம். பெயரை மட்டும் சொல்லவில்லை. அவரும் யாரென்று கேட்கவில்லை. நான் முடிக்கும்வரை மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுண்ணாம்பு” என்றார். “ஸ்டோரில் பதினெட்டு மூட்டை இருக்கிறது. லயத்துக்கு வெள்ளை அடிக்க வாங்கியது.”

கையிலிருந்த செடியை என்னிடம் நீட்டினார்.

“நான் மூன்று தரம் கேட்டேன்.”

“ஆமாம், ஐயா.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். காய்ச்சல் கண்டவர்போல மெதுவாக நடந்து ஆபீசுக்குப் போனார். இன்னொரு போகம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினார். காரணத்தில் என் பெயரைச் சொல்லவில்லை, மழையைச் சொன்னார். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டாம் டிவிஷனை மூடவும்.

நாற்பது குடும்பத்துக்கும் ஒரே நாளில் பெக்கோக் ஸ்டேஷனில் ரயில். என்னைப் பெயர் வாசித்து ஏற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டி, சுருட்டிய பாய், கயிற்றால் கட்டிய சட்டி பானை. இங்கேயே பிறந்த பிள்ளைகள் கப்பலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு ஓடின. வண்டி வரத் தாமதம். பச்சையம்மா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் போய் நின்றேன். அவள் எழுந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“அப்ப, நான் போட்டதுதான் மருந்துங்களா?”

“ஆமா.”

“அன்னிக்கே தொரகிட்ட சொல்லியிருந்தா?”

“முப்பது ஏக்கருக்கும் சுண்ணாம்பு போட்டிருப்பாரு. விளைஞ்சிருக்கும். நீயும் உம் புருசனும் மட்டும் போயிருப்பீங்க.”

“நாங்க ரெண்டு பேரு.”

“ஆமா.”

அவள் பிளாட்பாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள். ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு குடும்பமாக. அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“இப்பவும்தான் போறோம்” என்றாள். பிறகு, சத்தமே இல்லாமல், “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, சாமி. நான் போறேன்னு சொல்லியிருப்பனே.”

வண்டி வந்துவிட்டது. பெயர் வாசித்தேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். கங்காணி ஏறுமுன் என் கையைப் பிடித்து, “உங்களால ஆனத செஞ்சீங்க கிராணியாரே, எங்க தலையெழுத்து” என்றார். பச்சையம்மா புருஷனைத் தாங்கிப் பிடித்து ஏற்றினாள். உள்ளே பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். எதையோ கேட்டார்கள். அவள் தலையை அசைத்தாள். அவள் அவர்களிடம் சொல்லவில்லை, வழியிலும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் வண்டி நகர்ந்தபோது ஜன்னல் ஜன்னலாக எல்லாரும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.